லிப்டுக்குள் ஒரு கப்பல் தலைவன்

போன வருடம் ஓகஸ்ட் மாதம், ஒரு சனிக்கிழமை காலை. கொழும்பு வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடல் பக்கம் இறங்கும் ஓர் ஒழுங்கையில் உள்ள மாடிக் குடியிருப்பில் நடந்தது இது.

எங்கள் வீடு கொட்டாஞ்சேனையில். ஒரே மகள், பத்து வயது. அவள் பள்ளிக்கூடம் போவதில்லை, வீட்டிலேயே படிக்கிறாள். ஆசிரியையாக இருந்த என் மனைவி கொரோனாக் காலத்தில் வீட்டில் வைத்துப் படிப்பிக்கத் தொடங்கினாள். பிள்ளைக்கு அது பிடித்துப்போக, அப்படியே தொடர்ந்துவிட்டோம். சொந்தக்காரர்கள் கண்ட இடத்திலெல்லாம் பிடித்துக்கொள்வார்கள். "நாலு பிள்ளையளோட பழகாமல் இவள் நாளைக்கு வெளி உலகத்தில எப்பிடி நிமிரப்போறாள்?" என்பார்கள். வாய்க்கு வந்ததைச் சொல்லிச் சமாளிப்பேன். ஆனால் அந்தப் பயம் எனக்கும் இருந்தது.

எங்களைப்போல வீட்டில் படிப்பிக்கும் குடும்பங்கள் வத்தளை, தெஹிவளைப் பக்கம் சில இருக்கின்றன. அவ்வப்போது ஒன்றுகூடுவோம். அந்தத் தடவை பிள்ளைகள் ஒவ்வொருவரும் சரித்திரத்தில் வாழ்ந்த ஒருவரைப் பற்றிப் படித்து, அவரைப்போலவே உடுத்திக்கொண்டு வந்து, "நான்தான் அவர்" என்று பேச வேண்டும். என் மகள் தேர்ந்தெடுத்தது, நூறு வருடங்களுக்கு முன் தென்துருவத்துக்குப் புறப்பட்ட ஒரு கப்பல் பயணத்தின் தலைவரை. பனிக்கட்டி நெரித்து அவருடைய கப்பல் கடலுக்குள் தாண்டுபோனது என்பது மட்டும்தான் எனக்குத் தெரியும். அவள் பேசிப் பழகியதெல்லாம் நான் வேலைக்குப் போயிருந்த நேரங்களில்.

மொட்டைமாடியில் உள்ள மண்டபத்தை ஒழுங்குபண்ண மனைவி முன்னரே போய்விட்டாள். நானும் மகளும் பிறகு ஓட்டோவில் போய் இறங்கினோம். கனடாவிலிருந்து வந்த என் அண்ணா விட்டுப்போன குளிர் ஜக்கெட் அவளுக்கு முழங்காலுக்குக் கீழே தொங்கியது. கழுத்தில் கம்பளிச் சால்வை. கண்மையால் கீறிய மீசையும் தாடியும். அந்த வெயிலில் அவளைப் பார்த்து ஓட்டோக்காரர் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டே வந்தார்.

பொதுவாக நான் லிப்டில் ஏறமாட்டேன். அலுவலகத்திலும் படிதான். கேட்டால் உடற்பயிற்சி என்பேன். உண்மை வேறு. யாழ்ப்பாணத்தில் சிறுவயதில், விமானச் சத்தம் கேட்டால் வீட்டுக் கோடியில் வெட்டிய பதுங்குகுழிக்குள், பங்கருக்குள், ஓடுவோம். ஒருநாள் பக்கத்தில் குண்டு விழுந்து பங்கரின் வாசல் மண்ணால் மூடிப்போனது. உள்ளே நாங்கள். அந்த இருட்டை நான் யாரிடமும் சொன்னதில்லை, மனைவியிடம்கூட. அன்றைக்கு, அவ்வளவு பாரமான ஜக்கெட்டோடு பிள்ளையை எப்படி எட்டு மாடி ஏற்றுவது என்றுதான் லிப்டுக்குள் போனேன்.

எங்களோடு ஒரு வயதான சிங்களப் பெரியவரும் ஏறினார். கையில் குடையும் மரக்கறிப் பையும். ஆறாம் மாடிப் பொத்தானை அமத்திவிட்டு, மகளின் தாடியைப் பார்த்துச் சிரித்து, யார் நீங்கள் என்று சிங்களத்தில் கேட்டார். "கெப்டன்" என்றாள் அவள், கம்பீரமாக.

நான்காம் மாடியைத் தாண்டியதும் லிப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி நின்றது. லைட் போனது. மேலே சுற்றிய சின்ன ஃபேனும் நின்றது.

கரண்ட் போனால் ஜெனரேட்டர் வேலை செய்யும் என்று காத்திருந்தோம். ஒன்றும் நடக்கவில்லை. மணியை அமத்தினேன், சத்தமில்லை. போனில் சிக்னல் இல்லை. அதற்குப் பிறகு நான் நானாக இல்லை. இரண்டு கையாலும் கதவில் அடித்தேன். என்ன சொல்லிக் கத்தினேன் என்று தெரியாது. மூக்கில் பச்சை மண் மணத்தது. சத்தியமாக மணத்தது.

என் கூச்சலில் பெரியவரும் கலங்கிவிட்டார். அவருக்கு மூச்சு இழுக்கத் தொடங்கியது. "பம்ப் எக கெதர" என்று திக்கித் திணறிச் சொன்னார். ஆஸ்துமாவுக்கு இழுக்கும் பம்ப் வீட்டில் இருக்கிறது என்கிறார். அவருடைய நெஞ்சிலிருந்து வந்த விசில் சத்தம் அந்த இருட்டில் பெரிதாகக் கேட்டது.

அப்போது என் போனின் வெளிச்சம் எரிந்தது. என் சட்டைப் பையிலிருந்து அதை எடுத்தது மகள்.

"எல்லாரும் நிலத்தில இருப்பம்" என்றாள். சத்தம் போடவில்லை. ஆனால் அவள் வீட்டில் கதைக்கும் குரலும் இல்லை அது. ஜக்கெட்டைக் கழற்றி நிலத்தில் விரித்து, "சீயா, இந்தகன்ன" என்று தாத்தா முறை சொல்லிக் கூப்பிட்டுப் பெரியவரை அதில் இருத்தினாள். "அப்பா, நீங்களும் இருங்கோ." இருந்தேன். எங்கள் பையிலிருந்து தண்ணீர்ப் போத்தலை எடுத்து முதலில் அவருக்கு, பிறகு எனக்கு, பிறகு தனக்கு. "இப்ப எல்லாரும் சேர்ந்து மெதுவா மூச்சு விடுவம்." அதையே சிங்களத்தில் அவருக்கும் சொன்னாள்: "ஹெமின், சீயா, ஹெமின்." அவள் கையை மெதுவாக உயர்த்தினால் மூச்சை இழுக்க வேண்டும், தாழ்த்தினால் விட வேண்டும். நாங்கள் இரண்டு ஆண்களும் அந்தச் சின்னக் கையைப் பார்த்துப் பார்த்து மூச்சு விட்டோம்.

பிறகு பெரியவரின் குடையை என்னிடம் தந்தாள். "அப்பா, கத்த வேண்டாம். குடைப் பிடியால கதவில தட்டுங்கோ. தட்டிப்போட்டு நிப்பாட்டிக் கேளுங்கோ. நாங்களே சத்தம் போட்டால் அவை கூப்பிடுறது கேக்காது."

தட்டினேன். கேட்டேன். தட்டினேன். என் கைக்கு ஒரு வேலை கிடைத்திருந்தது. கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து செக்கியூரிட்டியின் குரல் கேட்டது. சீயாவுக்கு மூச்சு முட்டுகிறது, ஆறாம் மாடியிலிருந்து பம்ப் வேண்டும் என்று மகள்தான் சிங்களத்தில் சொன்னாள். செக்கியூரிட்டி மெயின் சுவிட்சை முழுதாக அணைத்துவிட்டு, பம்ப்பை வாங்கிக்கொண்டு ஓடிவந்தார். அவரும் இன்னும் சிலரும் ஐந்தாம் மாடிக் கதவை நெம்பினார்கள். எங்கள் தலைக்கு மேலே ஒரு கீற்று வெளிச்சம். என் கை போகாத இடைவெளி.

"தூக்குங்கோ அப்பா."

தோளில் தூக்கினேன். அவள் ஆடக்கூடாது என்று அவளுடைய காலை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவளுடைய மெலிந்த கை அந்த இடைவெளிக்குள் போய் பம்ப்போடு திரும்பி வந்தது. பெரியவர் அதை வாயில் வைத்து இழுத்தார், இன்னொரு முறை இழுத்தார். விசில் சத்தம் மெல்ல மெல்லக் குறைந்தது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தவர், "ஹரி, கெப்டன்", சரி கெப்டன் என்று நெற்றியில் கை வைத்து ஒரு சல்யூட் அடித்தார். அவள் அதற்கும் சிரிக்கவில்லை. பதிலுக்கு சல்யூட் அடித்தாள்.

லிப்ட் கொம்பனிக்காரர்கள் வந்து கையால் சுற்றி எங்களை நான்காம் மாடிக்கு இறக்கினார்கள். வெளியே வந்ததும் அவள், விஷயம் கேள்விப்பட்டு மேலேயிருந்து ஓடிவந்து நின்ற தாயைக் கட்டிப்பிடித்து விம்மி விம்மி அழுதாள். அப்போதுதான் அவள் பத்து வயதுப் பிள்ளை என்பது எனக்குத் திரும்ப நினைவு வந்தது.

நிகழ்ச்சியை இன்னொரு நாள் வைக்கலாம் என்றார்கள். அவள் கேட்கவில்லை. முகத்தைக் கழுவினாள். பாதித் தாடி அழிந்துபோனது. ஜக்கெட்டும் இல்லாமல் போய் நின்று பேசினாள். பனிக்கட்டியின் மேல் மாதக்கணக்காகத் தங்கியது, சிறிய படகில் கடலைக் கடந்து உதவி தேடிப் போனது, தன்னோடு கப்பலில் வந்த எல்லோரையும் உயிரோடு மீட்டது. நடுவில் ஓர் இடம் வந்தது.

"என்னுடைய ஆட்களில் ஒருவர் குளிரில் நடுங்குவதைக் கண்டால், நான் அவருக்கு மட்டும் சூடான பால் கொடுக்கச் சொல்லமாட்டேன். எல்லோருக்கும் கொடுக்கச் சொல்லுவேன். தன்னால்தான் என்று அவர் வெட்கப்படக்கூடாது."

கதிரையில் இருந்த எனக்கு லிப்டுக்குள் அவள் சொன்னவை திரும்பக் கேட்டன. எல்லாரும் இருப்பம், எல்லாரும் மூச்சு விடுவம், எல்லாருக்கும் தண்ணீர். பெரியவருக்காகச் செய்கிறாள் என்றுதான் நினைத்திருந்தேன்.

பின்னேரம் மரைன் டிரைவில் கடலைப் பார்த்தபடி நடக்கும்போது கேட்டேன். "அந்தத் தண்ணி எனக்காகவோ?"

"ஓம். நீங்கள்தான் கூடப் பயந்தனீங்கள்" என்றாள், சர்வ சாதாரணமாக. "அந்த சீயாவுக்கு முன்னால உங்களுக்கு வெக்கமா இருக்கும்தானே."

அப்போதுதான் முதல்முறையாகப் பங்கரைப் பற்றி வாய் திறந்தேன். நான் முடித்த பிறகு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அதுக்குள்ள ஆர் கெப்டன்?"

இவ்வளவு காலமும் எனக்கு நினைவில் இருந்தது இருட்டும் மண் மணமும் மட்டும்தான். அவள் கேட்ட பிறகுதான் அந்த இருட்டில் ஒரு குரல் கேட்டது. என் அம்மா. எங்களை ஒருவர் மாறி ஒருவர் ஏதாவது கதைத்துக்கொண்டே இருக்கச் சொல்லிவிட்டு, வெறுங்கையால் வாசல் மண்ணை விறாண்டிக்கொண்டிருந்தார். நகமெல்லாம் பிய்ந்து, வெளிச்சம் வரும்வரைக்கும்.

"அப்பம்மா" என்றேன். மகள் ஆமோதிப்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு, அலையைப் பார்க்க ஓடிப்போனாள்.

என் பிள்ளை உலகத்தில் எப்படி நிமிரப்போகிறாள் என்று பயந்திருந்த எனக்கு, பயந்துபோன ஒரு மனிதனை வெட்கப்படவைக்காமல் எப்படி நிமிர்த்துவது என்று அவள் காட்டிவிட்டாள். அந்தப் பிரமிப்பு இன்றுவரை என்னைவிட்டுப் போகவில்லை.