காப்புக் கட்டிய உடம்பு

"முழுசா எடுக்க வேணாம்க்கா. கட்டியை எடுத்துட்டு, மிச்சச் சதையை வச்சே வடிவம் சரி பண்ணிடலாம். ஆனா கட்டி சின்னதா இருக்கும்போதே செய்யணும்" என்றார் அந்த இளம் டாக்டர். போன உயிர் திரும்பி வந்தது எனக்கு. மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து, செங் வட்டாரத் தொழிற்சாலையில் பெட்டி அடுக்கிக்கொண்டே அழுதவள் நான்.

சிம்பாங் அம்பாட்டில் எங்கள் வீட்டில் மாமியார் காத்திருந்தார். நான் பால்குடம் எடுப்பதாக ஆத்தாளுக்கு வேண்டிக்கொண்டாராம். எனக்கும் பயம்தானே, கையை நீட்டினேன். கோயிலில் மஞ்சள் காப்புக் கட்டினார்கள். மறுநாளே மருத்துவமனையிலிருந்து ஆப்பரேஷன் தேதி சொன்னார்கள்; அது திருவிழாவுக்கு முன்னால் விழுந்தது.

"காப்புக் கட்டுன உடம்புல கத்தி படலாமா? ஆத்தா சும்மா விடுவாளா?" என்றார் மாமியார்.

"கயித்த அவுத்துடறேன் அத்தை."

"ஐயையோ! வாயக் கழுவு!"

சாயங்காலம் என் கணவர் சொன்னார்: "போன் பண்ணி தேதிய தள்ளிப் போடச் சொல்லிட்டேன். கொஞ்ச நாள்தானேலா."

"என்னை ஒரு வார்த்தை கேட்டீங்களா? யாரு உடம்பு இது?"

"அம்மா அழுவுறாங்க. நான் என்ன செய்யறது?"

திருவிழா அன்று உச்சி வெயிலில் குடம் சுமந்தேன். முகத்தில் களை வந்துவிட்டது என்று பெண்கள் புகழ்ந்தார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. தாயே, இது வளராமல் இருக்கட்டும் என்பதைத் தவிர வேறொன்றும் நான் கேட்கவில்லை. காப்பு அவிழ்த்ததும் மருத்துவமனையைக் கூப்பிட்டோம். என் இடத்தை வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த தேதி பல வாரங்கள் தள்ளி. குளிக்கும்போதெல்லாம் கட்டியை அழுத்திப் பார்த்தேன். ஒருநாள் பக்கத்தில் இன்னொன்று தட்டுப்பட்டது.

மருத்துவமனையில், திரைக்குப் பின்னால் டாக்டர் வெகுநேரம் தடவிப் பார்த்தார். ஸ்கேன் படத்தையும் திரும்பத் திரும்பப் பார்த்தார். "ரெண்டு இடத்துல இருக்குக்கா. இனி முழுசா எடுத்தாத்தான் நல்லது. அடுத்த வாரமே செஞ்சிடலாம்."

"கொஞ்சமாச்சும் மிச்சம் வைக்க முடியாதா டாக்டர்?"

அவர் என் தோளைப் பிடித்துக்கொண்டார். பிறகு வெளியே போய் என் கணவரை உள்ளே அனுப்பினார். "உயிருக்கு ஒண்ணும் ஆகாதுன்னு சொல்றாங்கல்ல, அது போதும்லா" என்றார் கணவர், தரையைப் பார்த்துக்கொண்டு. நோய் தெரிந்ததிலிருந்து இந்த மனிதர் என்னைத் தொட்டதே இல்லை. அவர் கையை இழுத்து என் மார்பில் வைத்து அழுத்தினேன்.

"நல்லாத் தொட்டுப் பாத்துக்குங்க. அடுத்த வாரம் இருக்காது."