அடி எடுத்துக் கொடுத்தவன்

விவாகரத்துக்குப் பிறகு மகள் குபெர்டினோவில் அம்மாவோடு இருந்தாள். நான் ஒரு மணி நேரத் தொலைவில் லிவர்மோரில், மூன்று படுக்கையறை வீட்டில் ஒண்டிக்கட்டையாக. மாதத்தில் இரண்டு சனிக்கிழமை எனக்கு என்று ஏற்பாடு. அந்த இரண்டும் பரீட்சை, பயிற்சி என்று கழன்றுகொண்டே போயின. போன் செய்தால் "பிஸிப்பா" என்பாள். கோபம் வரும், யார் மேல் என்றுதான் தெரியாது.

அப்படியிருக்க, ஒருநாள் அவளே கூப்பிட்டாள். பள்ளியின் ஜாஸ் குழுவில் சாக்ஸபோன் வாசிப்பவள். "அப்பா, சண்டே மத்தியானம் கான்ஸர்ட். எனக்கு சோலோ இருக்கு. கேன் யூ கம்?" வாசிக்கப்போகும் பாட்டையும் சொன்னாள். பழைய ஆங்கிலக் காதல் பாட்டு. ஒரு காலத்தில் வானொலியில் ஓடித் தேய்ந்த சாதாரண மெட்டு. பிறகு ஜாஸ்காரர்கள் கையில் எடுத்து, இன்றுவரை விடவில்லை. நானும் அவள் அம்மாவும் ஒரே காரில் வேலைக்குப் போன நாட்களில், மலைச்சாலை டிராஃபிக்கில் தினமும் அதைக் கேட்போம். எனக்காகத்தான் எடுத்திருக்கிறாள் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன்.

முன்வரிசையில் போய் உட்கார்ந்தேன். மெட்டை ஒருமுறை அவ்வளவு அழகாக வாசித்தாள். இரண்டாம் முறை எங்கோ விலகிப் போனாள். தெரிந்த இடம் எதுவுமே வரவில்லை. ஐயோ, மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். தமிழ்ப் பள்ளி ஆண்டு விழாவில் குழந்தை திணறினால், மேடைக்குக் கீழிருந்து அடி எடுத்துக் கொடுத்தே பழகிய கூட்டம் நாங்கள். தொடையில் தாளம் போட்டபடி மெட்டைப் பாட ஆரம்பித்தேன். முதலில் மெதுவாக, அவள் பிடித்துக்கொள்ளவில்லை என்றதும் உரக்க. பக்கத்திலிருந்த வெள்ளைக்காரப் பெண்மணி என் முழங்கையைத் தொட்ட பிறகுதான் நிறுத்தினேன்.

வெளியே வந்தபோது மகளின் கண் கலங்கியிருந்தது.

"நான் மறக்கலப்பா. அதுதான் சோலோ. ட்யூனை விட்டுட்டு நானா வாசிக்கணும்."

"சாரிம்மா. வீட்டுக்கு வா, எனக்கு மட்டும் இன்னொரு தடவை அதையே வாசி."

"அதையே எப்படிப்பா? எனக்கே ஞாபகம் இல்ல. எவ்ரி டைம் வேற மாதிரி வரும்."

அவள் அம்மா காரில் காத்திருந்தாள். மகள் போய் ஏறிக்கொண்டாள்.

லிவர்மோர் திரும்பும் வழியெல்லாம் அவள் என்ன வாசித்தாள் என்று நினைவுக்குக் கொண்டுவரப் பார்த்தேன். என் குரல்தான் வந்தது. அந்த அரங்கில் இருந்த அத்தனை பேரும் என் மகள் வாசித்ததைக் கேட்டார்கள். நான் மட்டும் கேட்கவில்லை.