திருப்பிக் கொடுக்காத முகமூடி

தென்கொரியாவில் கோஜே தீவின் கப்பல் கட்டும் தளத்தில், எண்ணெய்த் தொட்டிகளுக்குள் இறங்கிப் பெயின்ட் அடிப்பவள் ஒக் கும்ரே. ஐம்பது வயதைத் தாண்டியவள். கம்பெனியின் சொந்த ஆட்களுக்கு முகமூடியின் வடிகட்டி தினமும் புதிது. கும்ரே போன்ற ஒப்பந்த ஆட்களுக்கு வாரத்துக்கு ஒரு ஜோடிதான். இரண்டாம் நாளே அது நெடியை உள்ளே விட்டுவிடும். வேண்டுமானால் வாசலுக்கு எதிரே உள்ள கடையில் சொந்தக் காசில் வாங்கிக்கொள்ளலாம். கும்ரே ஈரத்துணியை மடித்து உள்ளே வைத்துச் சமாளித்துவந்தாள்.

ஒருநாள் பாதுகாப்புச் சோதனைக்கு அதிகாரிகள் வருகிறார்கள் என்று மேஸ்திரி தல்சு எல்லாருக்கும் புத்தம்புது முகமூடி கொடுத்தார். அன்று கும்ரேவுக்குத் தலைவலியே இல்லை. மத்தியானச் சாப்பாட்டில் கிம்ச்சி ஊறுகாயின் புளிப்பு நாக்கில் தெரிந்தது. சாயங்காலம் தல்சு அட்டைப்பெட்டியை நீட்டினார்.

“எல்லாரும் கழட்டி இதுல போடுங்க. அடுத்த சோதனைக்கு வேணும்.”

ஒவ்வொருவராகப் போட்டார்கள். கும்ரே போடவில்லை.

“என்னக்கா, வீட்டுல மாட்டிக்கிட்டு மீன் பொரிக்கப் போறீங்களா?”

“நாளைக்கும் நான் மூச்சு விடணும்ல மேஸ்திரி.”

தல்சு குரலைத் தாழ்த்தினார். “என் கையிலயா இருக்கு? கம்பெனி கொடுக்கிற பணம் சம்பளத்துக்கே இழுபறின்னு நம்ம ஒப்பந்தக்கார முதலாளி புலம்புறாரு. உங்க சம்பளத்துலதான் பிடிப்பாங்க, சொல்லிட்டேன்.”

“பிடிச்சுக்கட்டும்.”

சண்டை போட அவளிடம் தெம்பில்லை. திருப்பிக் கொடுக்கவும் மனசில்லை. முகமூடியைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினாள். யாரும் கூட வரவில்லை.

மறுநாள் அவளோடு சேர்ந்து வேலை பார்க்கும் சுனிம், பழைய முகமூடியோடு தொட்டியிலிருந்து தள்ளாடி ஏறிவந்து வாந்தியெடுத்தாள். கும்ரே தன்னுடையதைக் கழற்றி நீட்டினாள்.

“இந்தாடி, மத்தியானம் வரைக்கும் நீ போட்டுக்கோ.”

“அப்போ நீங்க, அக்கா?”

“நான் மேல நின்னு பெயின்ட் கலக்குற வேலையைப் பாக்குறேன்.”

சம்பளத்தில் சொன்னபடியே பிடித்தார்கள். அடுத்த சோதனை முடிந்த சாயங்காலம் சுனிமும் இன்னும் சிலரும் முகமூடியோடு பெட்டியைப் பார்க்காமலே கடந்துபோனார்கள். தல்சு யாரையும் கூப்பிடவில்லை.

ஒப்பந்தம் புதுப்பித்தபோது கும்ரேவின் பெயர் மட்டும் விடுபட்டது. பக்கத்துத் தளத்தில் வேறொரு ஒப்பந்தக்காரரிடம் சேர்ந்தாள். அங்கே முகமூடியையே சொந்தமாக வாங்கி வரச் சொன்னார்கள்.

ஒரு ராத்திரி சுனிம் போனில் கூப்பிட்டாள். “அக்கா, இப்போ எங்களுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் புது வடிகட்டி தர்றாங்க. உங்களாலதான்.”

“நல்லதுடி,” என்றாள் கும்ரே. இன்னும் ஏதாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. வேலை அலுப்பில் போனைக் காதில் வைத்தபடியே கண்ணயர்ந்துவிட்டாள்.