ராணியின் லெந்து

அந்த வருடம் எங்கள் வீட்டில் லெந்து காலத்தை ஒழுங்காக அனுசரித்தது நாய் ஒன்றுதான் என்று சித்தப்பா சொன்னார். எல்லோரும் சிரித்தோம். ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் உபவாசம் தொடங்கும் சாம்பல் புதனோடு வீட்டில் கறியும் மீனும் நின்றுபோயிருந்தன. சில நாட்களில் ராணியும் தட்டை முகர்ந்துவிட்டு விலகிப்போகத் தொடங்கியது. பருப்புச் சோறு அதற்கு எப்போதுமே ஆகாது. ஈஸ்டருக்குக் கறி வெந்தால் தானாகச் சாப்பிடும் என்று முடிவாயிற்று.

ராணி நான் பிறப்பதற்கு முன்பே தாம்பரம் வீட்டுக்கு வந்துவிட்ட பெண் நாய். முகவாயெல்லாம் நரை. அதனிடம் தெரிந்த ஒவ்வொரு மாற்றத்துக்கும் எங்கள் வீட்டில் ஒரு காரணம் தயாராக இருந்தது. சாப்பிடாவிட்டால் லெந்து. அப்பாவின் சைக்கிள் மணி கேட்டும் எழுந்து போகாவிட்டால் வயசு. மூச்சு வாங்கினால் வெயில். தனித்தனியாகப் பார்த்தால் மூன்றும் சரிதான். மூன்றும் ஏன் சேர்ந்து வந்தன என்பதுதான் என்னை உறுத்தியது. இப்போது கிண்டியில் ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கிறேன். அங்கேயும் இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான் சம்பளம் கொடுக்கிறார்கள். அன்று எனக்கு ஒன்பது வயது.

காரணமே கிடைக்காத ஒன்றும் இருந்தது: தண்ணீர். கிணற்றடியில் ராணியின் சட்டியை நிரப்பிவிட்டு உள்ளே போய்த் திரும்புவதற்குள் அது காலியாகியிருக்கும். உபவாசம் இருப்பவர்கள் இவ்வளவு தண்ணீர் குடிப்பார்களா என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மாவும் அந்த லெந்தில் காலைச் சாப்பாட்டை விட்டிருந்தார். இளைத்து, ரவிக்கையை ஊக்கு குத்தித்தான் போட்டுக்கொண்டிருந்தார். பானையிலிருந்து மொண்ட ஒரு செம்புத் தண்ணீரை முழுதாகக் குடித்து முடித்துவிட்டு, "இந்த வெயில்ல யாருக்குத்தாண்டி தாகம் இல்ல?" என்றார்.

சித்தப்பா சொன்ன காரணத்தைச் சோதித்துப் பார்க்க ஒரே வழிதான் இருந்தது. வேலிக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் தாம்பரத்திலேயே பிறந்து வளர்ந்த பழைய ஊர்க்காரர்கள். எருமை வைத்திருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் அந்த வீட்டு அக்கா கறி சமைப்பார். போய் ஒரு எலும்பு கேட்டேன்.

"இன்னா பாப்பா, உங்க வூட்ல இப்போ கறியே துன்ன மாட்டீங்களே?"

"ராணிக்கு, அக்கா. அது எதுவும் சாப்பிட மாட்டேங்குது."

"ராணிக்கா, ராணி பேரச் சொல்லிகினு உனக்கா?" என்று சிரித்துக்கொண்டே, சதையோடு ஒரு எலும்பைப் பூவரச இலையில் வைத்துக் கொடுத்தார். "சீக்குன்னா எங்க எருமைய இட்டுகினு போற மாட்டாஸ்பத்திரி கீதே, அங்க போ."

கிணற்றடியிலேயே பிடிபட்டேன். "லெந்து நாள்ல கறியா? ஆண்டவரே!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டார். கோயிலில் பாடகர் குழுவில் இருந்த சித்தப்பா, "பாவம்னு பண்ணினா முழு ஆட்டுக்குப் பண்ணக் கூடாதா? போயும் போயும் ஒரு எலும்புக்கா?" என்றார்.

நான் எலும்பை ராணியின் முன்னால் வைத்தேன். அது ஒருமுறை முகர்ந்தது. பிறகு தலையை மறுபக்கம் திருப்பி வைத்துக்கொண்டது. விலா எலும்பு தெரிந்த உடம்பில் வயிறு மட்டும் உப்பியிருந்ததை அப்போதுதான் பார்த்தேன்.

"இது லெந்து இல்ல, சித்தப்பா. மாட்டாஸ்பத்திரிக்குப் போகணும்."

"மாட்டாஸ்பத்திரிக்கு நாயா? அங்க மாட்டைத்தான் பார்ப்பாங்க. வயசாயிடுச்சு, பாப்பா. விடு."

"நாயைப் பார்க்க மாட்டேன்னு அந்த டாக்டர் சொல்லட்டும். திரும்பி வந்துடறேன்."

ராணியின் பக்கத்தில் உட்கார்ந்தவள் சாப்பிடக் கூப்பிட்டும் எழவில்லை. மறுநாள் காலை அம்மா வாசலில் ரிக்ஷாவை நிறுத்தச் சொன்னார். பழைய போர்வையில் சுற்றி ராணியை எங்கள் கால்மாட்டில் கிடத்திக்கொண்டோம்.

ஆஸ்பத்திரி மரத்தடியில் மாடுகளும் ஆடுகளும் நின்றன. காளையைப் பிடித்திருந்த ஒருவர், "இன்னாம்மா, நாய இட்டாந்துகீறீங்க? போர்டுல மாடுல்ல போட்டுகீது!" என்றார். என் கை போர்வையைவிட்டு நகரவில்லை. டாக்டர் ராணியின் பக்கத்தில் குனிந்தார். ராணியின் உதட்டைத் தூக்கி ஈறைப் பார்த்தார். வயிற்றை மெல்ல அழுத்தினார். அது முனகியது. பிறகு அம்மாவிடம் கேட்டார்.

"தண்ணி நிறைய குடிக்குதா?"

"குடிக்குது."

"ராத்திரியில அடிக்கடி எழுந்து வெளிய போகுதா?"

"போகுது."

"உடம்பு இளைச்சு, எப்பப் பார்த்தாலும் அசதியா..."

"ஆமா சார்," என்றார் அம்மா, அவர் முடிப்பதற்குள்.

கர்ப்பப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, இன்றைக்கே பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய் ஆபரேஷன் செய்தால் பிழைக்கலாம் என்றார் டாக்டர். "வயசுன்னு விட்டிருந்தீங்கன்னா போயிருக்கும்மா."

நான் போர்வையைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அம்மா நகராமல் நின்றார். "சார், இதெல்லாம் மனுஷங்களுக்கு வந்தா என்ன அர்த்தம்?"

டாக்டர் சிரித்துவிட்டார். "நான் மாட்டு டாக்டர்மா!" அடுத்து காளையை அழைத்தார்கள்.

அன்று மத்தியானமே சித்தப்பா தன் கம்பெனி வேனைக் கேட்டு வாங்கிவந்தார். வழியெல்லாம் ராணியின் தலை அவர் மடியில்தான் இருந்தது. ஆபரேஷன் முடிந்து தையலோடு திரும்பிய நாய், ஈஸ்டரன்று எலும்பைக் கடித்த சத்தம் தெருமுனைவரை கேட்டது. அதற்குப் பிறகும் பல காலம் அப்பாவின் சைக்கிள் மணிக்கு வாசல்வரை போய்வந்தது.

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிவதற்கு, காலில் ஆறாத ஒரு புண் வரவேண்டியிருந்தது. ஆனால் அது பிற்பாடு. அந்த ஈஸ்டர் சாப்பாட்டின்போது, மாட்டு டாக்டரிடம் அம்மா கேட்ட கேள்வியை நான் அப்படியே நடித்துக்காட்டினேன். வீடே சிரித்தது. அம்மாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து பானையிலிருந்து ஒரு செம்பு மொண்டார். நான் கிணற்றடிக்கு ஓடி ராணியின் சட்டியை எட்டிப் பார்த்தேன். காலையில் ஊற்றிய தண்ணீர் அப்படியே இருந்தது. வீட்டில் எல்லாம் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு, திரும்பி வந்து சாப்பிட உட்கார்ந்தேன்.