வருத்தமா என்று கேட்டார்கள்

அவளுக்கு எதிர்க்கட்சி என்று பேர் வைத்தது அவள் புருஷன். கல்யாணமான புதிதில் அவன் ஒரு நாற்காலி வாங்கிவந்தான். ஒரு கால் குட்டை என்றாள் இவள். இல்லவே இல்லை என்று அவன் சாதித்தான். இவள் அதன்மேல் ததும்பத் ததும்ப ஒரு சொம்புத் தண்ணீரை வைத்து, அவனையே எதிரே உட்கார்ந்து விளிம்பில் கை ஊன்றச் சொன்னாள். தண்ணீர் அவன் மடியில் கொட்டியது. "வீட்டுக்குள்ளயே எதிர்க்கட்சி வெச்சிருக்கேன்டா" என்று அவன் தான் வேலை பார்த்த கண்ணாடி உலைப்பக்கத்தில் சொல்லிச் சிரிக்க, அந்தப் பேர் பாட்டில் கம்பெனி முழுக்கப் பரவிவிட்டது. அவன் காய்ச்சலில் போய்ச் சேர்ந்த பிறகும் பேர் போகவில்லை. இத்தனைக்கும் அவள் பிறந்த வீடு, புகுந்த வீடு இரண்டுமே அப்போது ஆளுங்கட்சி.

அவளுக்கு அடுத்த ஸ்டூல் என்னுடையது. எங்கள் வேலை பார்ப்பது. வெறும் பார்ப்பது. பின்னாலிருந்து விளக்கெரியும் ஒரு வெள்ளைப் பலகை. அதற்கு முன்னால் பெல்ட்டில் பாட்டில்கள் வரிசையாகப் போகும். விரிசல், குமிழி, கோணல் கழுத்து, எது கண்ணில் பட்டாலும் எடுத்துத் தொட்டியில் எறிய வேண்டும். கொஞ்ச நேரம் பார்த்தால் கண் பூத்துவிடும். அதனால் மாறி மாறி உட்காருவோம். ஒருத்தி பார்க்கும்போது இன்னொருத்தி அட்டைப்பெட்டி அடுக்குவாள். இயந்திரச் சத்தத்தில் காதருகே கத்தினால்தான் கேட்கும். அதனால் எங்கள் பேச்செல்லாம் உரத்த பேச்சு. வீட்டுக்குப் போனாலும் குரல் இறங்காது.

கட்சி என்று ஒன்று இருந்தது. அதைப் பேர் சொல்லி நாங்கள் அழைத்ததே இல்லை. கட்சி என்போம், அவ்வளவுதான். சங்கமும் அதுதான், தெருவுக்குக் குழாய் கொண்டுவந்ததும் அதுதான். அவள் அண்ணன் உலையில் நின்ற ஆள். குடியிருப்பு வாசலில் கட்சிக் கொடிக்கம்பத்துக்குக் குழி தோண்டியவர்களில் ஒருவர். தேர்தல் வந்தால் அவள் வாக்குச்சாவடியில் கட்சிக்காக உட்காருவாள். மற்றக் கட்சிக்காரர்கள் எங்கள் தெருவுக்குள் வருவதே ஒரு சம்பிரதாயத்துக்குத்தான். கும்பிட்டுவிட்டு, நாய் துரத்துவதற்குள் போய்விடுவார்கள்.

பிறகு கம்பெனி இரண்டாம் உலையை அணைத்தது. உலை அணைந்தால் அது சும்மா நெருப்பு அணைவதில்லை. அதைச் சுற்றி நின்ற அத்தனை பேருக்கும் அடுப்பு அணைகிறது. வேலை போனவர்களில் பாதிப் பேர் எங்கள் தெரு. கட்சியின் தொகுதிச் சட்டமன்ற உறுப்பினரைப் பார்க்கச் சங்கச் செயலாளர் எங்களை அழைத்துப்போனார். குளுகுளு அறை. உறுப்பினர் எல்லாரையும் உட்காரச் சொன்னார், குடிக்கக் கொடுத்தார், தலையாட்டிக் கேட்டார். தேர்தல் நெருங்குகிற நேரம், கம்பெனியைப் பகைத்துக்கொள்ள முடியாது, பொறுமையாக இருங்கள் என்றார். எங்களில் ஒருத்தி, "ஜனங்க கோவமா இருக்காங்கய்யா" என்றாள். அவர் செயலாளரின் தோளில் கைபோட்டு, செல்லமாகச் சிரித்தார்.

"கோவப்படட்டும். கோவப்பட உரிமை இருக்கு. ஆனா எங்க போயிடப் போறாங்க? நம்ம ஜனங்கதானே!"

அறையே சிரித்தது. நானும் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை. கையிலிருந்த தம்ளரை அவர் மேசைமேல் வைத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டாள்.

பஸ்ஸில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"கேட்டியாடி? மாடுன்னு நெனச்சிட்டான். கயித்த அவுத்துவிட்டாலும் சாயங்காலம் தொழுவத்துக்கே வந்துடும்னு நெனைக்கிறான்."

"சும்மா வாய் தவறி சொல்லியிருப்பாருக்கா."

"வாய் தவறினா பொய் வரும். இது மனசுல இருந்ததுதான் வந்திருக்கு. எங்க போயிடப் போறாங்கன்னு கேட்டான்ல? போய்த்தான் பாப்போம்."

மறைத்துப் போடுவதுதான் ஓட்டு. அவள் சொல்லிப் போட்டாள். வாக்குச்சாவடியில் இந்த முறை உட்கார மாட்டேன் என்று செயலாளரிடம் நேரிலேயே சொன்னாள். காரணம் கேட்டதற்கு, "போறேன்யா, அதான் காரணம்" என்றாள். பெட்டி அடுக்கும் இடத்தில், கைகழுவும் குழாயடியில், பஸ் நிறுத்தத்தில் என்று எங்கே நாலு பேர் நின்றாலும், மற்றக் கட்சிக்குப் போடப்போவதாகச் சொன்னாள். அவர்கள் உத்தமர்கள் என்று ஒருநாளும் சொல்லவில்லை. "எரியிற கொள்ளியில நல்ல கொள்ளி ஏது? ஆனா ஒரே கொள்ளிய எத்தனை காலம்டி மடியில வெச்சிருக்கிறது?"

அண்ணன் வீட்டில் ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அது வெடித்தது. அன்று நானும் அங்கே இருந்தேன். அண்ணி குழம்பு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

"நீ பேசறது ஊர் முழுக்கத் தெரியுது" என்றார் அண்ணன். "செத்துப்போன உன் புருஷன் என்ன நெனப்பான்?"

"அவர்தான்ணே எனக்கு எதிர்க்கட்சின்னு பேரு வெச்சாரு. சந்தோஷப்படுவாரு."

"வெளையாடாத. அவனுங்க மொதலாளிங்க கட்சி. எண்ணெய்ச் சட்டிக்குப் பயந்து அடுப்புல குதிக்கிற."

"சட்டியில வெந்துக்கிட்டிருக்கேன்ணே. அடுப்பு எப்படி இருக்கும்னு பயங்காட்டாத."

"நாளைக்கு வருத்தப்படுவ."

"படறேன். அதையும் நானேதான படப்போறேன்? உனக்குப் பங்கு கேக்கலயே."

அண்ணி கரண்டியை இருவருக்கும் நடுவில் நீட்டி, "ரெண்டு பேரும் ஓட்டுப் போட்டுட்டு வந்து சண்ட போடுங்க, இப்ப சாப்பிடுங்க" என்றாள். அண்ணன் சாப்பிடவில்லை. கையை உதறிவிட்டு எழுந்தார். அன்று நின்ற பேச்சு வெகுகாலம் நின்றது.

மற்றக் கட்சி ஜெயித்தது. எங்கள் தெருவே மாறிப் போட்டிருந்தது. வெளியே வீறாப்பாகப் பேசியவர்களில் பாதிப் பேர் உள்ளே போய் அவளைப்போலத்தான் போட்டிருக்கிறார்கள் என்று ஓட்டு எண்ணியபோது தெரிந்தது. நான் மாறவில்லை. எனக்குத் துணிச்சலும் இல்லை, நம்பிக்கையும் வரவில்லை. அதை அவளிடம் சொன்னபோது, "ஒன் ஓட்டு ஒன்னோடது, என்கிட்ட எதுக்குக் கணக்கு ஒப்பிக்கிற?" என்று முறைத்தாள்.

புது உறுப்பினர் இளவயசு. வேலி, கேட் எல்லாம் காண்டிராக்ட் எடுப்பவர். வந்த புதிதில் நன்றாகத்தான் நடந்தது. தெருச் சாக்கடையை மூடினார்கள். நிறுத்தப்பட்டிருந்த சாயங்கால பஸ் திரும்ப ஓடியது. இரண்டாம் உலை மட்டும் எரியவே இல்லை. பிறகு சட்டம் வந்தது: எட்டு மணி நேர வேலையைப் பன்னிரண்டாக நீட்டிக்கொள்ளலாம், கம்பெனிக்கும் தொழிலாளிக்கும் சம்மதம் இருந்தால். சம்மதம்! கேட்டுக்குப் பக்கத்தில் அறிவிப்பு ஒட்டியபோது எங்கள் சம்மதத்தை யாரும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

பன்னிரண்டு மணி நேரம் விளக்குப் பலகையைப் பார்த்தால் என்னாகும் என்று சொல்கிறேன். கண்ணை மூடினாலும் பாட்டில் போகும். சோற்றைப் பிசைந்தால் சோற்றில் விரிசல் தேடுவோம். வீட்டில் பிள்ளை எதிரே வந்து நின்றாலும் வெள்ளையாகத்தான் தெரியும்.

பழைய கட்சிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். பெட்டி ஏற்றுகிறவர்கள் அவளைக் கடந்து போகும்போது, "என்னக்கா, அடுப்பு சூடா இருக்கா?" என்பார்கள். அண்ணன் சொன்னது எப்படியோ வெளியே வந்திருந்தது. "சொந்தக் காசுல சூனியம் வெச்சுக்கிட்டாங்க" என்பான் ஒருவன். அவளும் விடமாட்டாள். "நீயும் என்கூடத்தானடா பன்னெண்டு மணி நேரம் தூக்கற? நீ போட்ட ஓட்டு உன்ன மட்டும் எட்டு மணி நேரத்துல வீட்டுக்கு அனுப்புதா?"

உடை மாற்றும் அறையில் ஒருநாள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். கண்ணில் ஈரத்துணியைப் போட்டுக்கொண்டு பெஞ்சில் சாய்ந்திருந்தாள். நான் கேட்டேவிட்டேன்.

"நெசமா சொல்லுக்கா. வருத்தமா இல்லையா?"

துணியை எடுக்காமலே சொன்னாள். "வயிறு எரியுதுடி. மொத தடவ அந்த நோட்டீஸைப் படிச்சப்ப, நம்மளாலதானோன்னு பட்டுச்சு. ஆனா எரியறது கோவத்துல. வருத்தம் வேற, கோவம் வேற. வருத்தப்பட்டா வீட்ல போய் படுத்துக்கணும். கோவத்துக்கு வேல இருக்கு."

அந்த வாரம் ஒரு பத்திரிகைக்காரர் கேட் வாசலுக்கு வந்தார். கட்சி மாறி ஓட்டுப் போட்ட தொழிலாளிகள் இப்போது என்ன நினைக்கிறார்கள் என்று எழுதுகிறாராம். யாரோ அவளைக் கைகாட்டிவிட்டார்கள். அவர் பேச்சுக் கருவியை நீட்டி, "மாத்திப் போட்டதுக்கு இப்ப வருத்தப்படறீங்களா?" என்று பணிவாகத்தான் கேட்டார்.

"தம்பி, பழைய கட்சிக்கு இருபத்தஞ்சு வருஷம் போட்டேன். எந்த வருஷமாவது வந்து, போட்டதுக்கு வருத்தமான்னு கேட்டீங்களா?"

அவர் கருவியை இன்னும் பக்கத்தில் நீட்டினார்.

"உலைய அணைச்சப்ப கேட்டீங்களா? அப்ப யாரும் வரல. ஒரே ஒரு தடவ மாத்திப் போட்டோம், உடனே மைக்க எடுத்துக்கிட்டு வந்துட்டீங்க. அப்போ, கேள்வி கேக்க ஆள் வரணும்னாலே நாங்க மாத்திப் போடணும்போல இருக்கே!"

அவர் அதை எழுதினாரா தெரியாது. நாங்கள் யாரும் படிக்கவில்லை.

பன்னிரண்டு மணி நேரத்தை எதிர்த்துச் சங்கம் மைதானத்தில் கூட்டம் போட்டது. முந்தின நாள் செயலாளர் அவள் வீட்டுக்கு வந்தார். பழையதை மறந்துவிட்டதாகச் சொன்னார். மேடையில் அவள் பேச வேண்டும் என்றார்.

"என்ன பேசணும்?"

"உள்ளதச் சொல்லும்மா. ஏமாந்துட்டோம், தப்பு பண்ணிட்டோம், திரும்பி வந்துட்டோம்னு. ஒன் வாயால சொன்னா எடுபடும்."

"பன்னெண்டு மணி நேரத்தப் பத்திப் பேசறேன். வேணுமா?"

வாயைக் கொடுத்து வாங்கிக் கட்டிக்கொள்ளப் போகிறோம் என்று அவருக்கு அப்போதே தோன்றியிருக்க வேண்டும். ஆனால் அவள் பேரை நோட்டீசில் போட்டாகிவிட்டது.

மேடையில் முன்னாள் உறுப்பினர் நடுநாயகமாக உட்கார்ந்திருந்தார். அண்ணன் முன்வரிசையில், கட்சித் துண்டோடு. அவள் வேலைச் சட்டையிலேயே ஏறினாள். விளக்குப் பலகையைப் பற்றிப் பேசினாள், கண்ணைப் பற்றிப் பேசினாள், கூட்டம் தட்டியது. புது உறுப்பினரின் பேரைச் சொல்லி, "எங்க ஓட்ட வாங்கிட்டு எங்க தூக்கத்தத் தின்னவன்" என்றாள். செயலாளர் எல்லாரையும்விட ஓங்கித் தட்டினார். பிறகு அவள் மேடைப்பக்கம் திரும்பினாள்.

"இங்க என்னைய மன்னிப்புக் கேக்கச் சொல்லிக் கூப்பிட்டாங்க. தப்பு பண்ணவங்கதான் மன்னிப்புக் கேக்கணும். அய்யா, எங்க போயிடப் போறாங்கன்னு கேட்டீங்களே, ஞாபகமிருக்கா? போனோம். நீங்க தோத்தீங்க. தோத்ததாலதான் இன்னிக்கு இந்த வெயில்ல எங்ககூட வந்து உக்காந்திருக்கீங்க. ஜெயிச்சிருந்தா ஏசி ரூம்ல உக்காந்து பொறுமையா இருங்கம்மான்னு சொல்லியிருப்பீங்க!"

மைக்கை அணைத்துவிட்டார்கள். அவளுக்கு அது ஒரு பொருட்டே இல்லை. பெல்ட் சத்தத்துக்கு மேல் கத்திப் பழகிய தொண்டை.

"இது எங்க ஓட்டு! யாருக்கும் எழுதிவெச்ச சொத்தில்ல! அடுத்த தடவ யாருக்குப் போடுவோம்னு எங்களுக்கே தெரியாது. நீங்களும் பயந்துக்கிட்டே இருங்க, அவனும் பயந்துக்கிட்டே இருக்கட்டும்! நாளைக்கு எட்டு மணி நேரம் முடிஞ்சதும் நான் எழுந்திரிச்சு வீட்டுக்குப் போறேன். வர்றவங்க வாங்க!"

மைதானத்தின் பின்பக்கத்திலிருந்துதான் முதல் கைதட்டல் வந்தது. வேலைக்கு வராத நாளில்கூட, தட்டிய அந்தப் பெண்கள் விளக்குப் பலகைக்காரிகள் என்று கண்ணைப் பார்த்தால் சொல்லிவிடலாம். முன்வரிசை அசையவில்லை. அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மறுநாள் எட்டு மணி நேரம் முடிந்ததும் அவள் எழுந்தாள். கையுறையைக் கழற்றி ஸ்டூலின்மேல் வைத்தாள். நானும் எழுந்தேன். எதிர் வரிசையும் எழுந்தது. பாட்டில்கள் பாட்டுக்குப் பார்க்க ஆளில்லாமல் போய்க் கடைசியில் குவிந்து உடைந்தன. சூப்பர்வைசர் ஓடிவந்து, "சம்மதம் குடுத்திருக்கீங்களேம்மா!" என்றார். "இப்ப வாபஸ் வாங்கிட்டோம் சார்" என்று சொல்லிக்கொண்டே அவள் நடந்தாள்.

கேட்டுக்கு வெளியே அண்ணன் நின்றுகொண்டிருந்தார். தோளில் துண்டில்லை. வெகுகாலத்துக்குப் பிறகு அவளிடம் பேசினார்.

"ஓட்டு விஷயத்துல நீ செஞ்சது தப்புதான். அதுல மாத்தமில்ல."

"சரிண்ணே. இப்ப இங்க நிக்கிறியா, போறியா?"

"நிக்கத்தான வந்தேன்."

"அப்ப நில்லு. சண்டைய வீட்ல வெச்சுக்கலாம்."

தினமும் அதேபோல் எழுந்து வந்தோம். முழு வெற்றி என்று சொல்ல மாட்டேன். விரிசல் விட்ட பாட்டில்கள் கடைவரை போய்த் திரும்பி வரத் தொடங்கியதும் விளக்குப் பலகைப் பிரிவுக்கு மட்டும் எட்டு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள். உலைப்பக்கம் இன்னும் பன்னிரண்டுதான். அவளைப் பெட்டி அடுக்கும் கொட்டகைக்கு நிரந்தரமாக மாற்றினார்கள். தண்டனை அது. இடுப்பு விட்டுப்போகிற வேலை. என் பக்கத்து ஸ்டூலில் இப்போது வேறொருத்தி.

மறுபடி தேர்தல் வருகிறது. இரண்டு கட்சியும் எங்கள் தெருவில் வீடு வீடாக ஏறி இறங்குகின்றன. அவள் வாசலுக்குப் புது உறுப்பினரே வந்தார். அவள் துணி துவைத்துக்கொண்டிருந்தாள், எழவில்லை. "உலைக்கு எட்டு மணி நேரம் எப்ப?" என்றாள். அவர் சட்டச் சிக்கலைப் பற்றி ஏதோ சொன்னார். மறுநாள் பழைய கட்சியின் வேட்பாளர் வந்தார், புது ஆள். அதே கேள்வி. அவர் "கண்டிப்பா பாக்கலாம்மா" என்றார். "பாத்துட்டு வாங்க" என்று சோப்பு நுரைக் கையால் வழியைக் காட்டினாள்.

அவர் போன பிறகு, யாருக்குத்தான் போடப்போகிறாள் என்று கேட்டேன். அவள் போர்வையின் ஒரு முனையை என்னிடம் நீட்டி, இழுத்துப் பிழியச் சொன்னாள்.

"இன்னும் நாள் இருக்குல்ல? அதுவரைக்கும் ரெண்டு பேரும் வந்து போகட்டும்" என்றாள்.