மாடம்மாள் சேலை பார்க்கப் போன மதியம்

மலையாளத்து ஆடியான கர்க்கடக மாதம் பிறந்துவிட்டால் கிழக்கேகோட்டையில் சேலை எடுக்க ஆள் வராது, மழைதான் வரும். அன்றும் மாடம்மாள் வேலை பார்க்கும் துணிக்கடைக்குக் காலையிலிருந்து வந்தவர்கள் இரண்டே பேர். அதில் ஒருவர் மழைக்கு ஒதுங்கியவர்.

மாடம்மாள் சாத்தான்குளத்துப் பக்கமிருந்து வாழ்க்கைப்பட்டு வந்தவள். இருபத்திரண்டு வருடமாகச் சேலைப் பிரிவில் நிற்கிறாள். எத்தனையோ பெண்களுக்கு விரித்துக் காட்டியிருக்கிறாள்; அவளுக்கு ஒருவரும் விரித்துக் காட்டியதில்லை. ஓணத்துக்கு முதலாளி கொடுப்பதும், ஊரிலிருந்து அண்ணன் கொண்டுவருவதும்தான் அவளுடைய சேலைகள். ஒரே ஒரு தடவை வாங்குகிறவர்கள் பக்கம் உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று ஆசை. சாமியிடம் கேட்கக்கூட வெட்கப்பட்ட ஆசை அது.

சாப்பாட்டு நேரத்தில் அவளும் கூட வேலை பார்க்கும் சுசீலாபாயும் பத்தே நிமிடத்தில் கை கழுவினார்கள். யூனிபார்ம் சேலையை மாற்றிக்கொண்டார்கள். பழவங்காடிப் பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டு, வளையல் கடை, பாத்திரக் கடை என்று சும்மா பார்த்துக்கொண்டே போய், சாலைக் கடைத்தெருவில் ஒரு பெரிய துணிக்கடை முன்னால் நின்றார்கள்.

"யக்கா, வேற கடைக்காரின்னு தெரிஞ்சா, ரேட்டு பாக்க வந்தோம்னு விரட்டிருவாங்க, கேட்டோ," என்றாள் சுசீலாபாய்.

"ஏளா, நீ சிரிக்காம வா, அது போதும்."

உள்ளே, மார்பில் அனுஷா என்று பெயர் குத்திய பெண் வரவேற்றாள். "வாங்க சேச்சி, இரிங்க."

மாடம்மாள் உட்கார்ந்தாள். சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. இத்தனை வருடம் கேட்டு அலுத்ததையெல்லாம் அவளே கேட்டாள்.

"இதே டிசைன்ல சின்ன பார்டர் உண்டா? இந்தக் கலரு வெயில்ல எப்படி இருக்கும்?"

"இந்த மழையில வெயிலுக்கு எங்க போறது சேச்சி?"

சுசீலாபாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள்.

அனுஷா அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டுப் பார்த்தால், விரித்துப்போட்ட ஏழு சேலையும் பார்டர் முன்னால் தெரிய மடித்து அடுக்கியிருந்தது! மாடம்மாளுக்கே தெரியாமல் அவள் கை செய்த காரியம்.

"சேச்சி எந்தக் கடை?" என்று அனுஷா மெதுவாகக் கேட்டாள்.

மாடம்மாள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கோடியிலிருந்து சூப்பர்வைசர் ராஜமணி அடுக்கையே பார்த்தபடி வந்துகொண்டிருந்தார். வாங்க வந்தவள் எவள் மடித்துவைப்பாள்? 'பத்மநாபா, மானத்தைக் காப்பாத்து!'

"கலைங்க," என்று அனுஷா பல்லிடுக்கில் சொன்னாள். "சீக்கிரம் கலைச்சுப் போடுங்கக்கா!"

மாடம்மாளின் கை ஒரு நிமிடம் மறுத்தது. பிறகு ஒரே இழுப்பு! "இது வேண்டாம். இதுவும் வேண்டாம். என்ன மக்கா, பழைய ஸ்டாக்கா எடுத்துப் போடுத?" பச்சை ஒரு பக்கம், மஞ்சள் ஒரு பக்கம் பறந்தது. ராட்டினத்தில் ஏறினதுபோல அவளுக்குக் கிறுகிறுவென்று வந்தது.

ராஜமணி கைகூப்பினார். "அனுஷா, புதுசா வந்தத எடுத்துக் காட்டு. சேச்சிக்குச் சாயா சொல்லட்டா?"

"பால் கூடுதலா," என்றாள் மாடம்மாள்.

குடித்து முடித்து, வீட்டுக்காரரைக் கூட்டிவருவதாகச் சொல்லி எழுந்தபோதுதான் சேலைக் குவியலைக் கண்ணால் பார்த்தாள். பதினைந்து சேலையாவது இருக்கும். நெஞ்சு உறுத்தியது.

"மன்னிச்சிரு மக்கா. நான் செஞ்சது பாவம்."

"பரவால்லக்கா. வியாழக்கிழமை எனக்கு லீவு. எந்தக் கடைன்னு மட்டும் சொல்லுங்க. எங்கம்மையையும் கூட்டிட்டு வாறேன்."

மாடம்மாள் சொன்னாள், எந்த மாடி, எத்தனையாவது கவுண்டர் என்பதையும் சேர்த்து.