மாடு தின்ற வெள்ளைச் சட்டை

அக்காவின் வெள்ளைச் சட்டையை எங்கள் வீட்டுப் பசு தின்றது, பள்ளிக்கூடம் தொடங்குவதற்கு முதல் நாள். இன்றைக்குச் சொன்னால் பிள்ளைகள் நம்புகிறார்கள் இல்லை. நான் என்ன செய்ய, தின்றதுதான்.

போரினால் எங்கள் பக்கத்துக்குச் சாமான் வரவிடாத பொருளாதாரத் தடைக் காலம். உடுவில் கடைகளில் சவுக்காரத்தைக் கண்ணால் காண முடியாது. எங்கேயாவது கிடைத்தாலும் விலையைக் கேட்டால் தலை சுற்றும். ஆகவே எல்லோரும் பனம்பழத்தைப் பிசைந்து, அந்தக் களியில்தான் உடுப்புத் தோய்த்தோம். நுரை வரும், ஊத்தையும் போகும். மணம் மட்டும் போகாது. வகுப்பறைக்குள் நுழைந்தால் யாரோ பனங்காய்ப் பணியாரம் சுடுகிற மாதிரி இருக்கும்.

அந்த வருடம் சோதனை முடிவு பிந்தி வந்ததால், பல்கலைக்கழகத்துக்கு வழிவிடுகிற ஏ.எல். வகுப்பு ஆவணி விடுமுறை முடியத்தான் தொடங்கியது. அக்காவுக்கு அயலூர்ப் பெரிய பள்ளிக்கூடத்தில் இடம். எங்கள் குடும்பத்தில் அந்த வகுப்பை எட்டிப் பார்த்த முதல் பெண் அவள். முதல் நாள் முழுச் சீருடையோடு வராவிட்டால் இடம் வேறொருவருக்குப் போய்விடும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். விடுமுறையின் கடைசி நாட்களில் வீடே அவளுக்காக ஓடியது. அப்பா சைக்கிள் சங்கிலிக்குத் தேங்காய் எண்ணெய் விட்டார். நான் அவளுடைய சப்பாத்துக்குச் சுண்ணாம்பு பூசினேன். எரிச்சலோடுதான், ஆனாலும் பூசினேன்.

உருப்படியாக இருந்தது ஒரே ஒரு சட்டை. அம்மா அதைப் பனங்களியில் தோய்த்துக் கொடியில் போட்டாள். மத்தியானம் தோட்டத்தால் வந்த அப்பா கொடிப் பக்கமாக நிழல் பார்த்துப் பசுவைக் கட்டினார். நாங்கள் சாப்பிட்டு எழும்பி வந்து பார்த்தால் சட்டையின் முன்பக்கம் பாதியைக் காணவில்லை. மிச்சத்தை அது ஆறுதலாகச் சப்பிக்கொண்டு நின்றது.

“ஆர் மாட்டை இதிலை கட்டினது?” அப்பா கத்தினார்.

“நீங்கள்தான்,” என்றாள் அம்மா.

அப்பா மாட்டை அவிழ்த்து அங்காலே இழுத்துக்கொண்டு போனார். அக்கா படியில் குந்திவிட்டாள். “விடுங்கோ. நான் படிக்கப் போகேல்லை. எனக்கு அவ்வளவுதான்.” சொல்லிவிட்டு முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு மாமி வேலியடிக்கு வந்தார். கணவர் போனபின் அவருக்கு வெள்ளைச் சீலைதான். நல்ல நாள் பெருநாளில் யாருக்கும் முன்னால் வரமாட்டார். வந்தவர் பார்த்தார், போனார், மடிப்புக் குலையாத ஒரு சீலையோடு திரும்பி வந்தார். கையில் தரவில்லை, வேலியில் போட்டார்.

“புதுசு, நான் உடுக்கேல்லை. ஆனால் பிள்ளை படிக்கப் போற உடுப்பு... என்ரை சீலையிலை தைக்கிறது உங்களுக்குச் சரியோ தெரியேல்லை.”

அம்மா சீலையை எடுத்துக் கண்ணில் ஒற்றினாள். உள்ளே போய்க் கத்தரிக்கோலைக் கொண்டுவந்து மாமியிடம் நீட்டினாள். “முதல் வெட்டு நீங்கள் வெட்டுங்கோ, அக்கா.”

பொழுதுபட முன்னம் இரண்டு பேருமாகத் தைத்து முடித்தார்கள்.

எங்கள் பக்கத்தில் நல்ல காரியத்துக்குப் புறப்பட்டால் முழுவியளம் பார்ப்போம். எதிரே ஒரு சுமங்கலி வரவேண்டும். விடிய, அம்மா தண்ணீர்ச் செம்போடு வேலி வாசல் படலையடியில் ஆயத்தமாக நின்றாள். அக்கா சைக்கிளை உருட்டி வந்து நிறுத்தினாள்.

“அம்மா, நீங்கள் விலகுங்கோ. மாமி வரட்டும்.”

மாமி தன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் நின்றார். “ஐயோ, எனக்கு உது வேண்டாம் பிள்ளை. நேரம் போகுது, நீ போ!”

“நீங்கள் வராமல் நான் படலை தாண்டன்.”

அக்காவின் பிடிவாதம் எனக்குக் கண்ணிலும் காட்டக்கூடாது. அன்றைக்குத்தான் அது பிடித்தது. மாமி தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு வந்து, அம்மாவிடம் செம்பை வாங்கி, எதிரே நடந்தார். அக்கா சிரித்தபடி சைக்கிளில் ஏறினாள்.

பின்னேரம் வந்தவள் வீட்டுக்குள் வரவில்லை, நேரே வேலியடிக்குப் போனாள். “மாமி, என்ரை பேர் பதிஞ்சாச்சு!”

மாடு தின்றதும் நல்லதுக்குத்தான் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கட்டினவர் அவரல்லவா. எனக்கும் அந்தப் பசுவிடம் இன்றுவரை நன்றிதான். சில வருடங்களுக்குப் பின் நான் சோதனைக்குப் புறப்பட்ட காலை, யாரும் கூப்பிட முதலே மாமி செம்போடு எங்கள் படலையடியில் நின்றார்.